மாப்பிள்ளைக்குப் போட்ட கடிகாரம்

எனக்கு நீச்சல் தெரியாது. கடலுக்கு அடியில் கட்டிக்கொண்டு போவதற்கென்றே செய்த கடிகாரங்கள் உட்பட நான் பதினேழு சேர்த்திருக்கிறேன். நான் இறங்கிய அதிகபட்ச ஆழம் ரெமிஸ் கடற்கரையில் இடுப்பளவு, அதுவும் சித்தப்பா மகன் பின்னாலிருந்து தள்ளிவிட்டதால். அன்றைக்கு என் கையில் கடிகாரம் எதுவும் இல்லை.

பழைய டைவிங் வாட்ச், கடற்படைக்கும் ராணுவத்துக்கும் கொடுத்த வாட்ச், வினாடி அளக்கப் பக்கத்தில் இரண்டு பொத்தான் வைத்த குரோனோகிராஃப், இவைதான் என் சேகரிப்பு. இவற்றைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது என்பது முதல் விதி. உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்துபோயிருக்கும். ஒரு சொட்டு உள்ளே போனாலும் இயந்திரம் துருப்பிடித்துவிடும். அதனால் ராவாங்கில் தொழிற்சாலை வேலை முடிந்து சுங்கை சோவுக்குத் திரும்பும்போது மழை தூறினால், மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்தி, வாட்ச்சைக் கழற்றி பிளாஸ்டிக் பையில் சுற்றி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, நான் நனைந்துகொண்டு வீட்டுக்குப் போவேன். குரோனோகிராஃப்பை இதுவரை ஒரே ஒரு வேலைக்குப் பயன்படுத்தியிருக்கிறேன். எங்கள் சந்திப்பில் சிவப்பு விளக்கு எவ்வளவு நேரம் எரிகிறது என்று கணக்கெடுத்தேன். ரொம்ப நேரம் எரிகிறது.

இரண்டாவது விதி இன்னும் கடுமையானது. பாலிஷ் போடக் கூடாது. கீறல், நசுங்கல், முகப்பைச் சுற்றி வெளிறிப்போன வளையம், பால்கோவா நிறத்துக்குப் பழுத்துவிட்ட எண்புள்ளிகள், எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். பாலிஷ் போட்டால் ஓரங்கள் மழுங்கும், முதுகில் பொறித்த எண் அழியும், பிறகு அது வெறும் இரும்பு. எங்கள் சேகரிப்பாளர் குழுவில் யாராவது பாலிஷ் போட்ட வாட்ச்சின் படத்தைப் போட்டுவிட்டால், மற்றவர்கள் துக்கம் விசாரிக்கிற தொனியில் பதில் எழுதுவார்கள்.

என் மனைவிக்கு இது பிடிபடவே இல்லை.

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம குத்துவிளக்க புளி போட்டுத் தேய்க்கிறேன். ஒங்க வாட்ச்ச மட்டும் அழுக்கோட வச்சு கும்புடணுமா?" என்பாள்.

எங்கள் ஒரே மகள் இந்த இரண்டு விதிகளோடுதான் வளர்ந்தாள். மற்ற பிள்ளைகளுக்கு அடுப்பைத் தொடாதே என்று சொல்லிக் கொடுப்பார்கள். நான் அதையும் சொன்னேன், ஆனால் இரண்டாவதாக.

அவளுக்கு ஏழு வயதிருக்கும்போது ஈஜோக் பக்கம் ஒருவரிடம் கடற்படை வாட்ச் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை. மனைவி ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாள். பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு மோட்டாரில் கிளம்பினேன். அவள் தலைக்குப் பொருந்தாத என் பழைய ஹெல்மெட்டைப் போட்டுவிட்டேன். திரும்பிப் பார்த்தால் ஹெல்மெட் மட்டும்தான் தெரியும்.

அந்த மனிதர் வாலிபத்தில் கடற்படையில் முக்குளிப்பவராக இருந்தவர். இப்போது நாலு ஏக்கரில் எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டம் வைத்திருந்தார். வாட்ச்சைக் கட்டிக்கொண்டே குலை வெட்டுகிறவர், நாங்கள் போனபோது அதைக் குளியலறை ஆணியில் மாட்டியிருந்தார். வாட்ச்சின் முதுகில் ராணுவ முத்திரையாக ஓர் அம்புக்குறி, கீழே ஒரு எண். பட்டை மாட்டுகிற கம்பிகள் இரண்டும் கழற்ற முடியாதபடி கூட்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருந்தன. கடலுக்கடியில் கழன்று விழக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்வார்கள். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன்.

"ஓடுதா ஐயா?" என்றேன்.

"நா ஓடுற வரைக்கும் ஓடும்னுதான் நெனச்சேன். அது என்னவிட நல்லா ஓடுது. கண்ணு தெரியல தம்பி, முள்ளு எங்க நிக்கிதுன்னே புரியல. நீ கொண்டுபோ," என்றார்.

திரும்பி வரும்போது செம்பனைக்கு நடுவே செம்மண் சாலை. ஜல்லி கொட்டி நிரவாமல் விட்டிருந்தார்கள். எதிரே குலை ஏற்றிய லோரி ஒன்று சாலை முழுவதும் தனக்கே என்று வந்தது. நான் ஓரம் கட்டினேன். பின்சக்கரம் வழுக்கியது. இரண்டு பேரும் விழுந்தோம்.

அடுத்து நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. எழுந்து உட்கார்ந்ததும் நான் முதலில் செய்த காரியம், அந்த வாட்ச்சைக் கட்டியிருந்த இடது மணிக்கட்டைக் காதில் வைத்துப் பார்த்தது. ஓடியது. அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். ஹெல்மெட்டின் விளிம்பு பிள்ளையின் புருவத்தைக் கிழித்திருந்தது. ரத்தம் கண்ணை மூடிவிட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு லோரிக்காரரிடம் ஓடினேன், அவர்தான் கிளினிக்கில் கொண்டுபோய் விட்டார். நாலு தையல். அழவே இல்லை. இவ்வளவு தைரியமான பிள்ளையா என்று டாக்டர் பாராட்டினார்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த ஒரு விஷயத்தைத் தவிர. காதில் வைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? இரண்டு வினாடி, மூன்று வினாடி. என்னிடம் குரோனோகிராஃப் இருந்தும் அளக்க முடியாத நேரம் அது. அந்த வாட்ச்சை எப்போது கட்டினாலும் எனக்கு வெட்கமாக இருக்கும். அதனாலேயே அதிகம் கட்டியதில்லை. ஆனால் பதினேழில் அதுதான் முதலிடம், குழுவில் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

போன வருஷம் மகளுக்குச் சம்பந்தம் அமைந்தது. அவளே பார்த்துக்கொண்ட பையன், கோலசிலாங்கூர் டவுன் குடும்பம். பையன் தங்கமானவன். அவன் அம்மாதான் கொஞ்சம் கவனமாகப் பார்க்கிற ரகம். பெண் பார்க்க வந்த அன்றைக்கு எங்கள் ஹாலில் உட்கார்ந்து, மேலே பார்த்து, "பேன் ஒன்னுதான் இருக்கா?" என்று கேட்டார். கேசரி சாப்பிட்டுவிட்டு, "முந்திரி போடமாட்டீங்களோ?" என்றார். போட்டிருந்தோம். அவருக்கு வரவில்லை.

பரிசத்தன்று மாப்பிள்ளைக்கு மோதிரமும் வாட்ச்சும் போடுவது பெண் வீட்டு முறை. மோதிரத்தை மனைவி பார்த்துக்கொண்டாள். வாட்ச் என் இலாகா என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கடைக்குப் போய்த் தங்க நிறத்தில் பளபளவென்று ஒன்று வாங்கி வருவேன் என்று நினைத்திருப்பார்கள். நான் ஈஜோக் வாட்ச்சை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

மனைவி அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதையா?"

"என்கிட்ட இருக்கிறதுலயே இதான் ஒசத்தி. காசு குடுத்தாலும் கெடைக்காது."

"கெடைக்காதுன்னு ஒங்களுக்குத் தெரியும். பாக்குறவங்களுக்கு பசார் மாலாம் ராத்திரிக் கடையில வாங்குனதுன்னுதான் தெரியும். துணிப் பட்டை வேற. அந்தம்மா ஆயுசுக்கும் சொல்லிக்காட்டும்ங்க. கேக்கப்போறது நீங்க இல்ல, நம்ம பிள்ள."

"தெரிஞ்சவங்க பாத்தா அசந்துருவாங்க."

"அன்னைக்கு வர்றவங்கள்ல தெரிஞ்சவங்க யாரு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஊரில் உள்ளவர்களுக்காக ஒரு நல்ல பொருளை ஒளித்துவைக்கச் சொல்கிறாளே என்று குரலை உயர்த்தினேன். மகள் சோபாவில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். வாட்ச்சை அவளிடமே கொடுத்து, நல்ல பெட்டியாகப் பார்த்து வை என்றேன்.

பரிசத்தன்று காலை வீடு நிறைந்துவிட்டது. தாம்பாளங்களில் பழம், வெற்றிலை, பூ, பலகாரம், சேலை. அன்றைக்கு மட்டும் கூடுதலாக நின்ற இரண்டு மின்விசிறிகள் என் மனைவி பக்கத்து வீடுகளில் இரவல் வாங்கியவை. பையனின் அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மோதிரம் போட்டாகிவிட்டது. என் மகள் சிவப்பு வெல்வெட் பெட்டி ஒன்றை என் கையில் கொடுத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

திறந்தேன்.

கண் கூசியது. கூடு முழுவதும் கண்ணாடி போல மின்னியது. என் முகம் அதில் வளைந்து தெரிந்தது. கூர்மையாக இருந்த ஓரங்கள் சோப்புக்கட்டி ஓரம் மாதிரி உருண்டிருந்தன. துணிப் பட்டைக்குப் பதிலாகப் பழுப்புத் தோல் பட்டை. முகப்பு மட்டும்தான் என்னுடையது. கண்ணாடிக்குக் கீழே பழுத்துப்போன புள்ளிகள் அப்படியே இருந்தன.

பையனின் அம்மா எட்டிப் பார்த்தார்.

"அடடே, புள்ளியெல்லாம் கோல்டு கலர்ல வச்சிருக்காங்க பாரேன்! நல்லா இருக்கு சம்பந்தி. புதுசுலா? என்னா மாடல் இது?"

வீடே என்னைப் பார்த்தது. புதுசு இல்லை என்று சொல்ல எனக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. எந்தக் கடற்படை, எந்த முத்திரை, ஏன் அந்தக் கம்பி கழலாது, அரை மணி நேரம் நிறுத்தாமல் சொல்லியிருப்பேன். என் மகள் பூச்சரத்தின் நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"ஆமா சம்பந்தி, புதுசுதான்," என்றேன்.

மாப்பிள்ளையின் மணிக்கட்டில் கட்டிவிட்டேன். கட்டும்போது பெருவிரலை வாட்ச்சின் முதுகில் ஒருமுறை ஓட்டினேன். அம்புக்குறி இல்லை. எண் இல்லை. வழவழவென்று இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பையனின் அம்மா இரண்டாவது முறை கேசரி வாங்கிச் சாப்பிட்டார்.

அன்றைக்கு முழுவதும் மனைவியோடு பேசவில்லை. அவள்தான் செய்திருப்பாள் என்று முடிவு கட்டிவிட்டேன். நகைகளைப் பாலிஷ் போட ராவாங் பத்தர் கடைக்குக் கொண்டுபோனவள் அவள்தான். ஏன் பேசமாட்டேன் என்கிறீர்கள் என்று அவள் கேட்கவும் இல்லை. பெண் வீட்டுக்காரன் களைப்பாக இருக்கிறான் என்று விட்டுவிட்டாள் போல.

மறுநாள் காலை இரவல் தாம்பாளங்களைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் மகள் கழுவினாள், நான் துணியால் துடைத்தேன். மூன்றாவது தாம்பாளத்தை என்னிடம் நீட்டினாள்.

"அம்மா இல்லப்பா. நாந்தான் பத்தர்கிட்ட குடுத்தேன்," என்றாள்.

துடைப்பதை நிறுத்தினேன்.

"பாலிஷ் போட்டா என்ன ஆகும்னு ஒனக்குத் தெரியாதா?"

"எனக்கா தெரியாது? ஏ பி சி டி-க்கு முன்னாடி அதத்தானே சொல்லிக் குடுத்தீங்க."

"அப்புறம் ஏம்மா?"

அவள் குழாயை மூடினாள்.

"அது எந்த வாட்ச்சுன்னு எனக்குத் தெரியும்பா. அன்னைக்கு விழுந்தப்போ நீங்க அதத்தான் மொதல்ல காதுல வச்சுப் பாத்தீங்க."

"கண்ணெல்லாம் ரத்தமா இருந்திச்சே," என்றேன். அதைச் சொல்லியிருக்கவே கூடாது.

"ரத்தம் எறங்குறதுக்கு முன்னாடி பாத்துட்டேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"அத தூக்கி மேசமேல வச்சு எனக்காகக் குடுக்குறேன்னு சொன்னீங்க பாருங்க, அதுவே எனக்குப் போதும்பா. அத மாமியார் கையில எடுத்து, பழசான்னு கேட்டு மூஞ்சியச் சுளிச்சா, என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியாது. ஒங்க மூஞ்சியையும் பாக்க முடியாது. நம்பர் அழிஞ்சா அழிஞ்சிட்டுப் போவுதுன்னு குடுத்துட்டேன்."

அவள் புருவத்தில் அந்த நாலு தையலின் கோடு இருந்தது. முந்தின நாள் மேக்கப்பில் அதை மூடியிருந்தார்கள். முகம் கழுவியதும் வந்துவிட்டது. என் பதினேழு கடிகாரங்களில் எந்தக் கீறல் எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் சொல்லிவிடுவேன். இந்தக் கோட்டை இத்தனை வருஷமாகப் பக்கத்தில் பார்க்காமல் தவிர்த்தே வந்திருக்கிறேன். ஈரக் கையைத் துடைத்துவிட்டு அதைத் தொட்டேன். நடுவில் கொஞ்சம் மேடாக இருந்தது.

"வலிச்சுதாம்மா?" என்று கேட்டேன். பதினெட்டு வருஷம் தாமதம்.

"அப்ப வலிச்சுதுப்பா," என்று சொல்லிவிட்டு, குழாயைத் திறந்து அடுத்த தாம்பாளத்தை எடுத்தாள்.