வாசலில் கூடிய மாமியார்கள்

யூச்சின், டோங்குவான் நகரில் என்னோடு ஷூ கம்பெனியில் பசை பூசுகிறவள். வாயாடி. சூப்பர்வைசரையே நிற்க வைத்துப் பேசுவாள். மகன் லெலெவை ஆறாம் மாதத்திலேயே ஊரில் ஓரகத்தியிடம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பியவள். எங்களில் பாதிப்பேர் கதை அதுதான். இப்போது அவனுக்கு இரண்டரை வயது. இனிமேல் தன்னோடு வைத்துக்கொள்ளப் போகிறாள். அவன் தன்னை வாய் நிறைய அம்மா என்று கூப்பிட வேண்டும், வேறொன்றும் வேண்டாம் அவளுக்கு.

ஓரகத்திதான் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டாள். சில நாள் தங்கினாள். அவளை ரயிலேற்ற யூச்சினோடும் பிள்ளையோடும் நானும் போயிருந்தேன். கிளம்பும்போது அழுவானே என்று, ரயில் நிலைய வாசலில் அவன் பலூன்காரனை வேடிக்கை பார்த்த நேரம் நைசாக நழுவிவிட்டாள். பெரிய யோசனைதான், போங்கள். லெலெ திரும்பிப் பார்த்து "அம்மா எங்க?" என்று வீறிட்டான். கூட்டம் கூடிவிட்டது.

எங்கள் ஊரில் கையில் குழந்தை இருந்தால் வழியில் போகிறவர்கள் எல்லோருமே மாமியார்தான். காய்கறிப் பையோடு வந்த ஒருத்தி, கேட்காமல் கொள்ளாமல் அவன் காலுறையை இழுத்துவிட்டாள். "இந்தக் குளிர்ல கணுக்கால் தெரியுது. என்னம்மா பிள்ளை வளர்க்கிற?"

அதற்குள் லெலெ மூத்திரம் வருகிறது என்று நெளிந்தான். யூச்சின் அவனை மரத்தடிக்குத் தூக்கிப் போய், முழங்காலுக்கு அடியில் கைகொடுத்துப் பிடித்துக்கொண்டு விசிலடித்தாள். பிள்ளைகளை அப்படித்தானே பழக்குகிறோம், கால்சட்டையின் அடி திறந்திருப்பதும் அதற்குத்தான். அவன் விறைத்துக்கொண்டானே தவிர ஒரு சொட்டு விடவில்லை. காய்கறிப் பைக்காரி அவனை வெடுக்கென்று வாங்கி, ஒரே ஒரு விசில் அடித்தாள். சர்ரென்று பெய்தான்.

"பாத்தீங்களா? பெத்தவளுக்கு இது கூடவா வராது?" என்று கூட்டத்தைக் கேட்டாள். பிறகு யூச்சினைக் காட்டி அவனிடம், "கண்ணு, இவங்க யாரு?"

"ஆன்ட்டி," என்றான் லெலெ.

பிள்ளை பிடிக்கிறவளோ என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யோவ், அவ பெத்த பிள்ளைய்யா. பிரசவத்துக்கு நான் கூட இருந்தேன்."

"ஓ, நீ கூட்டாளியா?" என்றார் ஒரு பெரியவர்.

ஊர் வாயையே அடைக்கிற யூச்சின் இப்போது போனை எடுத்தாள். ஓரகத்திக்கு வீடியோ கால் போட்டாள். திரையில் அந்த முகம் தெரிந்ததுமே லெலெ "அம்மா!" என்று போனை இரண்டு கையாலும் பிடுங்கிக்கொண்டான்.

"நான் பெரியம்மாடா தங்கம். அவங்கதான் உன்னைப் பெத்த அம்மா," என்று ஓரகத்தி ரயிலில் இருந்தபடியே அழுதாள். கூட்டத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

"தப்பா எடுத்துக்காதம்மா. காலம் கெட்டுக் கிடக்கு," என்று காய்கறிப் பைக்காரி ஓர் ஆரஞ்சை அவன் சட்டைப் பையில் திணித்துவிட்டுப் போனாள். அவளைத் திட்டக்கூட எனக்கு மனம் வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ரயில் சுரங்கத்துக்குள் போயிருக்க வேண்டும், போன் இணைப்பு அறுந்துவிட்டது. லெலெ தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அம்மாகிட்ட வாடா," என்று யூச்சின் கை நீட்டினாள். அவன் பின்னால் நகர்ந்தான். மறுபடி நீட்டினாள். இன்னும் நகர்ந்தான். அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அவன் எதிரே குந்தினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"தம்பி, ஆன்ட்டி உன்னை அம்மாகிட்ட கூட்டிட்டுப் போறேன். வர்றியா?"

லெலெ உடனே எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.