வென்றவர்களுக்குச் சின்னக் கோப்பை

மைதானத்துக்கு எதிரே பரிசுக் கோப்பைக் கடை வைத்திருந்தவருக்கு விளையாட்டு என்றாலே இளக்காரம். எல்லோரும் அவரைக் கோப்பைக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தத் தெருவில் ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் என்று ஒன்று நடந்ததே கால்பந்து கிளப்பின் புண்ணியத்தில்தான். மத்தியானத்துக்குள் பேக்கரியில் பன் தீர்ந்துவிடும். மருந்துக்கடையில் பஞ்சும் களிம்பும் நன்றாகப் போகும். கோப்பைக்காரர் வீட்டு அடுப்பு எரிந்ததும் அதனால்தான். ஆனாலும் கிளப்பைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. "வேலை வெட்டி இல்லாததுங்க" என்பார், கிளப்புக்குப் போட்ட பில்லை மடித்துக்கொண்டே. தின்கிற தட்டை எட்டி உதைப்பதில் இப்படிச் சிலருக்கு ஒரு சுகம்.

கோப்பைகள் அவரிடம் துண்டு துண்டாகத்தான் வரும்: கிண்ணம், தண்டு, பீடம். நடுவில் நீளமான போல்ட்டை விட்டு, அடியில் நட்டுப் போட்டு முறுக்க வேண்டும். கம்பெனி ஆர்டர் என்றால் அப்படியே செய்வார். கிளப் ஆர்டருக்குப் போல்ட் கிடையாது, பசைதான். மேடையில் ஒரு நிமிஷம் நின்றால் போதாதா என்பது அவர் சித்தாந்தம். தொழிலையே கேவலப்படுத்துகிறோம் என்று மனுஷனுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

அவருடைய ஒரே மகள் அந்தக் கிளப்பின் பெண்கள் அணியில் கோல்கீப்பர். பத்தாவது படிக்கிறாள். அந்த வருஷம் அவள் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது.

"நாங்க ஜெயிச்சா அந்தக் கோப்பையை நம்ம கடை கண்ணாடி அலமாரியில வைக்கணும்பா. விக்கறதுக்கு இல்ல, சும்மா எல்லாரும் பாக்க."

"கடை பூரா கோப்பைதானே கிடக்கு? பிடிச்சதா ஒண்ணை எடுத்துக்கோ. அதுக்கு எதுக்கு வெயில்ல விழுந்து புரளணும்?"

அவள் கையுறையைத் துவைக்கப் போனாள்.

கோப்பை கொடுப்பது கடைக்காரர்கள். ஆடியவர் பெயர் அதில் இருக்காது, கொடுத்தவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். முதல் பரிசைக் கொடுக்கும் உரிமை எப்போதும் மருந்துக்கடைக்காரருக்கு. அந்த வருஷம் புதிதாக வந்த டைல்ஸ் கடை முதலாளிக்கு இரண்டாம் பரிசுதான் மிஞ்சியது. அவர் நேராகக் கோப்பைக்காரரிடம் வந்தார்.

"மருந்துக்கடைக்காரர் கோப்பை எவ்ளோ உயரம்?"

"ஒரு முழம் உயரம் இருக்கும்ணே."

"என்னோடது இடுப்பு உயரத்துக்குப் பண்ணுங்க."

"அது ரெண்டாம் பரிசாச்சேண்ணே!"

"இருந்தா என்ன? போட்டோவுல எது தெரியும்?"

போதாததற்கு, தோற்கிற அணியில் ஆளுக்கொரு ஜோடி பூட்ஸ் வேறு தருவதாக அறிவித்தார். கிளப் செயலாளர் ஒரு தையல்காரர். கொடுக்கிறவர் மனசு கோணக்கூடாது என்று தலையைச் சொறிந்துவிட்டுச் சரி என்றார். தோற்றால் பூட்ஸ், ஜெயித்தால் கைத்தட்டல் என்று ஒரு போட்டியை நடத்த இந்தப் பெரிய மனிதர்களால்தான் முடியும். கோப்பைக்காரருக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. "இதுங்களுக்கு இது போதும்" என்று, போன வருஷம் விற்காமல் கிடந்த ஒரு நசுங்கல் கோப்பையைத் துடைத்து, பீடத்தில் பசை தடவி முதல் பரிசாக்கினார்.

கோப்பைகளைக் கொண்டுபோய் வைப்பதற்காகத்தான் அன்று அவர் சாலையைத் தாண்டினார். மகள் ஆடி அவர் பார்த்ததே இல்லை.

இடைவேளையில் அவள் அணி ஒரு கோல் முன்னால் இருந்தது. மேஜையில் பூட்ஸ்களை வரிசையாக அடுக்கியதும் அப்போதுதான். பாதிப் பெண்கள் வெறுங்காலோடு ஆடுகிறவர்கள். அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்ல நாக்கூசும். எதிரணிக்காரி கோல் முன்னால் தனியாக நின்றுகொண்டு பந்தை வானத்துக்கு அடித்தாள். இந்தப் பக்கத்துப் பெண்கள் ஒதுங்கி நின்று அவர்களுக்கு வழிவிட்டார்கள். கூட்டம் முதலில் சிரித்தது, பிறகு கூச்சல் போட்டது. டைல்ஸ் முதலாளி மட்டும் ஒன்றும் புரியாமல் கைதட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியில் சொந்த அணிக்காரியே திரும்பி, கோப்பைக்காரர் மகளைப் பார்த்துப் பந்தை ஓங்கி உதைத்தாள். அவள் பக்கவாட்டில் பாய்ந்து, மண்ணில் தேய்ந்து, பந்தை அணைத்துக்கொண்டு விழுந்தாள்.

"விட வேண்டியதுதானேடி! உனக்குப் பூட்ஸ் வேணாமா?"

"வேணும். ஆனா தோத்து வேணாம்."

மறுபடியும் வந்தது, மறுபடியும் பிடித்தாள். கோப்பைக்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். அது என் பொண்ணு என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லத் திரும்பினார். அப்போதுதான் மேஜைமேல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த சின்னக் கோப்பை கண்ணில் பட்டது. பசை. எடுத்துவிடலாம் என்று எழுந்தார். அதற்குள் ஆட்டம் முடிந்து விசில் ஊதிவிட்டார்கள், மேஜையைக் கூட்டம் சூழ்ந்துகொண்டது.

ஜெயித்த அணிக்கு முகமே சரியில்லை. மற்றவர்கள் நகராததால் அவள்தான் போய்க் கோப்பையை வாங்கினாள். வாங்கி, இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கினாள். பீடம் கழன்று அவள் தோளில் பட்டுக் கீழே விழுந்தது. தண்டும் பின்னாலேயே விழுந்தது. கையில் கிண்ணம் மட்டும் நின்றது. தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. அவள் குனிந்து துண்டுகளைப் பொறுக்கி ஜெர்சியில் கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் கடைக்கு வந்தாள். எப்போதும் மேஜையின் மடக்குப் பலகையைத் தூக்கிவிட்டு உள்ளே வருகிறவள், அன்று வாடிக்கையாளர் நிற்கிற இடத்திலேயே நின்று துண்டுகளை மேஜைமேல் வைத்தாள்.

"போல்ட் போட்டுக் குடுங்க."

"நீ ஜெயிப்பேன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"வேற யாராவது ஜெயிச்சிருந்தா பரவாயில்லையா?"

அவர் போல்ட்டை எடுத்தார். இத்தனை வருஷத்தில் கிளப்புக்காக அவர் மாட்டிய முதல் போல்ட் அது. நட்டை முறுக்கி முடித்ததும் கண்ணாடி அலமாரியைத் திறந்து, நடுத்தட்டில் இருந்த கோப்பைகளை அவசர அவசரமாக ஒதுக்கி இடம் செய்தார்.

அவள் கோப்பையைத் தலைகீழாகப் பிடித்து, பலமாக உலுக்கிப் பார்த்தாள்.

"இங்க வேணாம்பா. இங்க இருக்கறதெல்லாம் விக்கறதுக்குத்தானே. கிளப்புலயே இருக்கட்டும்."

எடுத்துக்கொண்டு சாலையைத் தாண்டிப் போனாள். அவர் அலமாரியைத் திறந்து வைத்தபடியே நின்றார்.