அப்பிள் விளையாத வட்டை

பல்கலைக்கழகப் பிரவேசப் பரீட்சையில் நான் முதல்முறை தவறியது ஆங்கிலக் கட்டுரையால்தான். தலைப்பு 'அறுவடை'. எங்கள் ஆசிரியர் பாடமாக்கித் தந்த கட்டுரையை அப்படியே எழுதினேன். அதில் கோதுமை இருந்தது, அப்பிள் இருந்தது. செட்டிபாளையத்து விவசாயி மகனான நான் இரண்டும் விளைந்து கண்டதில்லை. எங்கள் வகுப்பில் எல்லோரும் அதையே எழுதினோம், எல்லோரும் தவறினோம்.

அடுத்த பரீட்சைக்கு முன், எங்கள் வயல்வட்டையில் மாடு வளைத்துச் சூடு மிதித்து நெல் பிரிப்பதை ஆங்கிலத்தில் எழுதிப் பழகினேன். களத்தில் மாட்டை மாடென்று சொன்னால் விளைச்சல் குறையும் என்று 'வாரிக்காலன்' என்போமே, அதையும் சேர்த்தேன். ஆசிரியர் வாசித்துச் சிரித்தார்.

"இந்தக் காட்டுக் கதைய வெள்ளைக்காரன் வாசிப்பானா தம்பி? பழையதப் பாடமாக்குங்க."

"மாட்டன் சேர். தவறினாலும் என்ட வயல எழுதித்தான் தவறுவன்."

அம்முறை 'என் ஊரின் தொழில்' என்று தலைப்பு வந்தது. களத்தைத்தான் எழுதினேன், சித்தியடைந்தேன்.

இன்று நானும் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். மாணவர் கட்டுரையில் அப்பிள் வந்தால் புள்ளி போடாமல் திருப்பிக் கொடுத்துக் கேட்பேன்:

"இத எந்த வட்டையில புடுங்கினீங்க?"