கடலோரம் ஓர் அறை

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் பாண்டிச்சேரி பஸ்ஸுக்காக நிற்கிறோம். என் மனைவி மல்லிகாவின் கண்பார்வை மங்கிக்கொண்டே போகிறது. இனி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முழுக்க இருட்டுவதற்குள் பாண்டிச்சேரியின் பழைய தெருக்களை நடந்தே பார்த்துவிட வேண்டும் என்கிறாள். எங்கே தங்குவது என்று செல்போனில் தேடுகிறேன். கடல் தெரியும் மாடி அறை ஒன்று இருக்கிறது. படிகள்தான் செங்குத்து.

பக்கத்தில் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கும் பெண்ணிடம் யோசனை கேட்கிறேன்.

"மாடி வேணாங்க. பீச்சாண்ட கீழ் ரூமா எடுங்க. சாயந்தரமானா அந்த ரோட்டுல வண்டி விட மாட்டாங்க. அம்மா கையப் புடிச்சிக்கினு நடந்துக்கினே இருக்கலாம்."

"ஜன்னல்ல கடல் தெரியுமா?" என்று மல்லிகா கேட்கிறாள்.

"ரெண்டு எட்டு வச்சா கடலுதாம்மா."

மல்லிகா சிரிக்கிறாள். கீழ் அறையையே பதிவு செய்கிறேன்.

பஸ் வந்து எங்களுக்கு நேர் எதிரே நிற்கிறது. முகப்பில் ஊர்ப்பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. போன வாரம்வரை பஸ் போர்டுகளை எனக்குப் படித்துச் சொன்னவள் அவள்தான். இப்போது அந்த எழுத்துகளைப் பார்த்தபடியே கேட்கிறாள்: "இது எந்த ஊர் பஸ்ஸுங்க?"

"பாண்டிச்சேரி" என்று படித்துச் சொல்லி, அவள் கையைப் பிடித்துப் படியேற்றுகிறேன்.