சாதேகியின் எடை

என் புருஷன் சாதேகி சிரித்தால் நாலு வீடு தள்ளிப் படுத்திருக்கிற பன்றிகூட எழுந்து ஓடும். கோயில் பாட்டுக் குழுவில் கீழ்க்குரல் அவருடையதுதான். பகலெல்லாம் கிழங்குத் தோட்டத்தில் மண்ணோடு கிடப்பார். யார் வீட்டுக்கூரை பறந்தாலும், யாருக்குக் குழி வெட்ட வேண்டியிருந்தாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆளும் பெரிய ஆள். எங்கள் தோங்காத் தீவில் பெரிய உடம்பை யாரும் கேலி செய்வதில்லை. அந்த வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்றுதான் நினைத்துக்கொள்வார்கள்.

அவர் நெஞ்சு நின்று செத்தார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் வேறு மாதிரிதான் சொல்வேன். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

அந்த வருஷம் ரேடியோவைத் திருப்பினால் போதும், நட, குனி, நிமிர், கொழுப்பைக் குறை என்று அரசாங்கம் கத்திக்கொண்டே இருந்தது. விடிந்தும் விடியாமலும் ரக்பி மைதானத்தில் பட்டணத்துப் பெண் ஒருத்தி ஒலிபெருக்கி வைத்து எங்களை ஆட்டுவித்தாள். பாதிரியார்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கையைக் காலை ஆட்டினார். நானும் ஆடினேன். நன்றாகத்தான் இருந்தது, அதில் பொய் சொல்ல மாட்டேன். அதோடு விட்டிருக்கலாம், படுபாவிகள் போட்டி வைத்தார்கள். ஊருக்கு ஓர் ஆள். எவன் அதிக எடை குறைக்கிறானோ அவன் ஊருக்கு சிமெண்டில் பெரிய தண்ணீர்த் தொட்டி.

எங்கள் ஊர்த் தொட்டி விரிசல் விட்டுப் போயிருந்தது. மழை பொய்த்தால் பக்கத்து ஊரில் வாளியோடு நின்று, அவர்களின் குத்தல் பேச்சையும் சேர்த்துச் சுமந்து வர வேண்டும்.

ஊர் அதிகாரி ஃபிஃபிதாவின் மூளைதான் வேலை செய்தது. எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, "முதல் எடை போட இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அதுக்குள்ள நம்ம சாதேகியை நல்லா ஏத்திடுவோம். ஏத்தினாத்தானே இறக்க முடியும்?" என்றார். கூட வந்தவர்கள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நர்ஸம்மா என்ன சொன்னாங்கன்னு தெரியுமா உங்களுக்கு? ஏற்கெனவே பிரஷர். உடம்பை இப்படி ஏத்தி இறக்கினா இவரு நெஞ்சு தாங்காதுங்கறாங்க."

"அட போ லூபே! அந்தப் பொண்ணு நேத்துப் பொறந்தது. அதுக்கு என்ன தெரியும்?"

சாதேகியும் சிரித்துக்கொண்டே, "வேற ஆளைப் பாருங்கப்பா, எனக்கு என் சோத்துத் தட்டு போதும்" என்று அனுப்பிவிட்டார். நான் நிம்மதியானேன்.

ஃபிஃபிதா நேராக என் நாத்தனார் மெலெசைனியிடம் போனார். அதுதான் அந்த ஆளின் சாமர்த்தியம். எங்களில் அக்காளும் தம்பியும் வளர்ந்தபின் ஒரே அறையில் உட்கார மாட்டார்கள். அக்காள் கேட்டதைத் தம்பி மறுக்கவும் மாட்டான். மெலெசைனி வாசலுக்கு வெளியே நின்றார். தண்ணீர் சுமந்து சுமந்து அவருக்கு முழங்கால் வீங்கியிருந்தது. இவர் உள்ளே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, ஊருக்காகத்தான் கேக்கறேன்."

"சரிக்கா."

முடிந்தது. நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அப்புறம் ஊரே திரண்டு ஊட்டியது. ஆட்டு விலாக் கொழுப்பு ஒரு வீட்டிலிருந்து, பன்றிக்குட்டி ஒரு வீட்டிலிருந்து, மண்ணடுப்பில் வெந்த கிழங்கும் தேங்காய்ப்பால் வழிகிற இலைப்பொதியும் இன்னொரு வீட்டிலிருந்து. அவருக்கு மூச்சு வாங்கியது, உட்கார்ந்துகொண்டேதான் தூங்கினார். எடை போடும் நாளில் ஆஸ்பத்திரித் தராசு பத்தாது என்று, துறைமுகத்தில் கொப்பரை மூட்டை நிறுக்கிற தராசில் பத்துப் பேர் கைகொடுத்து ஏற்றினார்கள். முள் ஓடி நின்றதும் எங்கள் ஊர்க்காரர்கள் போட்ட கூச்சலைப் பார்க்க வேண்டுமே!

மறுநாளிலிருந்து, ஊட்டிய அதே கைகள் அவர் தட்டைப் பிடுங்கின. யார் வீட்டுத் தின்பண்டமும் அவர் கண்ணில் படக் கூடாதென்று கட்டளை. பிளாஸ்டிக் தாளை உடம்பில் சுற்றிக்கொண்டு வெயிலில் ஓடினார். "சாதேகியண்ணே, இடுப்புல என்ன, கிழங்கா?" என்று வேலிக்கு வேலி கிண்டல். எடை மளமளவென்று இறங்கியது. முகம் சாம்பல் பூத்தது. கோயிலில் பாடுவதற்கு எழுந்தவர் பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு விடியற்காலையில் அவித்த கிழங்கும் மீனும் ஒளித்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். வெகு நேரம் அதையே பார்த்தார்.

"வேணாம் லூபே. அக்காகிட்ட சரின்னு சொல்லிட்டேன்."

"அக்கா சொன்னா செத்தும் போவீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "பயமாத்தான்டி இருக்கு. யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றார்.

நான் சொன்னேன். மெலெசைனியிடமே ஓடிப்போய்ச் சொன்னேன். "அக்கா, நீங்க ஒரு வார்த்தை போதும்னு சொல்லுங்க. உங்க தம்பி பொழைச்சுக்குவாரு."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் ஒரு வாரம்தான்டி. இவ்வளவு தூரம் வந்துட்டு விடறதா? முடியட்டும், நானே அவனுக்குச் சமைச்சு அனுப்பறேன்." உண்மையாகத்தான் சொன்னார். அவர் கெட்ட பொம்பளை இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கடைசியில் சாதேகி குடிக்கிற தண்ணீரையும் நிறுத்தினார். சாலையில் ஓடும்போதே விழுந்தார். லாரியில் போட்டுப் பட்டண ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மருந்தளவு பார்க்க வேண்டும் என்று எடை போட்டார்கள், ஊசி குத்தினார்கள். அன்று மத்தியானமே போய்விட்டார்.

சாவு வீட்டில் மெலெசைனி தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்தார். அது அக்காளின் இடம்; எங்கள் சாவு வீட்டில் அக்காள்தான் உசத்தி, பெண்டாட்டி கடைசி. எனக்குப் பின்கட்டுச் சமையல்தான். துக்கத்துக்கு அடையாளமாக இடுப்பில் கந்தல் பாயைச் சுற்றிக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் ஆக்கிக்கொண்டிருந்தேன். ஃபிஃபிதா வந்து பக்கத்தில் குந்தினார்.

"தப்பா நெனைக்காதே லூபே. நாளைக்குத்தான் கடைசி எடை. ஆஸ்பத்திரியில பார்த்த எடை இருந்தா அதையே எடுத்துக்கறோம்ங்கறாங்க போட்டிக்காரங்க. எவ்வளவு இருந்தாரு?"

"எழுந்து போயிடுங்க. இல்லேன்னா இந்தக் கொதிக்கற அண்டாவை உங்க தலையில கவுத்துடுவேன்."

போனார். சற்று நேரத்தில் மெலெசைனியே பின்கட்டுக்கு வந்தார். தலைமாட்டுக்காரி அடுக்களைக்கு வருவது எங்களில் நடக்காத காரியம். பெண்களெல்லாம் பதறி, மரியாதைக்குத் தரையில் உட்கார்ந்தார்கள். அழுது அழுது அவருக்குக் குரலே இல்லை.

"சொல்லிடு லூபே."

"வேணாங்கா. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்."

"அவன் பட்டினி கிடந்தது வீணாப் போகக் கூடாதுடி. சொல்லு."

அந்த வீட்டில் அன்றைக்கு அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. நான் அண்டாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வாய் மட்டும் எடையைச் சொன்னது.

வேலியோரத்தில் ஆண்கள் கணக்குப் போடுவது கேட்டது. "ஜெயிச்சிட்டோம்ப்பா" என்றான் ஒருவன், சாவு வீடாயிற்றே என்று குரலைத் தாழ்த்தி. யாரும் கை தட்டவில்லை. பெட்டியைத் தூக்க எத்தனை பேர் வேண்டும் என்று உள்ளேயிருந்து பாதிரியார் கேட்டார்.

"ஆறு பேர் போதும்" என்றார் ஃபிஃபிதா.