ஈரத்துணி சுற்றிய டப்பா

எங்கள் மாடியில் தகரக் கூரை போட்ட அறையில் இருக்கும் தையல்காரி மாதிரி பொறுப்பானவளை நான் பார்த்ததில்லை. இரவல் வாங்கிய கரண்டியைக்கூடப் பளபளவெனத் தேய்த்துத்தான் திருப்பித் தருவாள். பன்னிரண்டு வருஷமாகப் பள்ளிச் சீருடை தைக்கிறாள். ஒரு சட்டையிலும் நூல் தொங்காது. அந்தப் பொறுப்புதான் அவளைக் கவிழ்த்தது.

போன மாதம் நடுமதியத்தில் தையல் மிஷின்மேலேயே மயங்கி விழுந்தாள். நான்தான் தண்ணீர் தெளித்து எழுப்பினேன். அடுத்த வாரமே நகராட்சி ஆட்கள் வந்தார்கள். சூடு அதிகமுள்ள வீடுகளின் கூரைக்கு இலவசமாக வெள்ளைப் பூச்சு அடிப்பார்களாம். சூட்டைப் பதிவு செய்ய, தீப்பெட்டி அளவில் ஒரு டப்பாவைக் கொடுத்து, "பத்து நாள் பத்திரமா வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு வந்து வாங்கிக்கொண்டார்கள். பூச்சு வந்தால் இந்தக் கோடையைத் தாண்டிவிடலாம் என்று இவள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

நேற்று அதிகாரி பட்டியலோடு வந்தார். இவள் வீடு அதில் இல்லை.

"உங்க வீட்ல இருபத்தெட்டு டிகிரிதாம்மா. இந்தத் தெருவுலயே குளுகுளுன்னு இருக்கறது அதுதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், நீங்க அளந்தது வீட்டையா, ஐஸ் பெட்டியையா?" என்றேன். பிறகு இவளிடம் திரும்பி, "ஏண்டி, டப்பாவை எங்க வெச்சிருந்தே?"

"தண்ணித் தொட்டிக்கு அடியிலக்கா. கவர்ல போட்டு, ஈரத்துணி சுத்தி. காயக் காய நனைச்சேன்."

"எதுக்குடி?"

"சர்க்கார் சாமானாச்சே! இந்த வெக்கையில கெட்டுப்போச்சுன்னா நான்தானே பதில் சொல்லணும்?"

அதிகாரி திறந்த வாய் மூடவில்லை. "எங்க வைக்கணும்னு யாரும் சொல்லலையா?"

"பத்திரமா வைக்கச் சொன்னாங்க சார்."

"டப்பாவுக்குச் சுத்துன துணியை ஒருநாளாவது உன் தலையில சுத்தினியாடி?" என்று கத்தினேன்.

மறுபடி அளந்தால்தான் சேர்க்க முடியும் என்றார் அவர். "அப்ப இப்பவே அளங்க" என்று மேலே அழைத்துப் போனேன். அவர் பையில் எண் காட்டும் மீட்டர் இருந்தது. அதை மிஷின்மேல், அவள் தலை குனியும் இடத்தில் வைத்தார். முப்பத்தாறு. நாற்பது. நாற்பத்து நான்கு. அதற்குள் சட்டை வியர்வையில் நனைந்துபோக, அவர் படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். அங்கேயே பட்டியலில் இவள் வீட்டை எழுதிக்கொண்டார்.

இவள் பட்டியலைப் பார்க்கவே இல்லை. மீட்டரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இதுலயாக்கா நான் இத்தனை வருஷம் உக்காந்திருந்தேன்?"

தெருவுக்கே வாயாடி நான். அந்த டப்பாத் துணியை எடுத்து, நனைத்து, அவள் தலையில் சுற்றினேன்.