பூஜைக்கு வந்த ஹார்ட் டிஸ்க்

கள்ளக்குறிச்சியில் நானும் என் கணவரும் சிறிய போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறோம். கடைக் கம்ப்யூட்டரில் உள்ள படங்களுக்கெல்லாம் ஒரு நகலை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, வீட்டு பீரோவில் வைத்திருப்போம்.

ஆயுத பூஜையன்று அதையும் கடைக்கு எடுத்துப் போனேன்.

"இன்னாத்துக்கு அதைத் தூக்கிக்கினு வர?" என்றார் கணவர்.

"அதுவும் நமக்குச் சோறு போடறதுதானேங்க" என்று கம்ப்யூட்டர் பக்கத்திலேயே வைத்துப் பொட்டிட்டேன். பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். குழந்தை அழுததால் சீக்கிரமே கிளம்பினோம். பூஜை விளக்கை அணைக்க மனம் வரவில்லை. வழியெல்லாம் உறுத்தியது, ஆனாலும் திரும்பிப் போகவில்லை.

அன்றிரவு விளக்கிலிருந்து அலங்காரக் காகிதம் பற்றி, கம்ப்யூட்டர், ஹார்ட் டிஸ்க் இரண்டுமே கருகிவிட்டன. பழுது பார்ப்பவரும் கைவிரித்துவிட்டார்.

இன்னும் ஆல்பம் போடாத ஒரு கல்யாணத்தின் படங்களும் அவற்றோடு போய்விட்டன. மணப்பெண் கல்வராயன் மலையிலிருந்து வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்பா இறந்திருந்தார்.

"எங்கப்பா மொகம் தெரியற மாரி ஒண்ணாச்சும் இருக்கும், நல்லா பாருங்கக்கா."

இல்லையென்று தெரிந்தும் தேடினேன்.

இப்போது எடுக்கும் படங்களின் நகல் நைனார்பாளையத்தில் என் அம்மா வீட்டில் இருக்கிறது. எந்தப் பூஜைக்கும் அதைக் கொண்டுவருவதில்லை. அந்த மணப்பெண் மட்டும் ஊருக்குள் வரும்போதெல்லாம் கடை வாசலில் நின்று, "கெடைச்சுதாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.